மினிமம் ஸ்டாக்

வல்லநாட்டுல நிக்குமான்னு கண்டக்டர்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்கேன்னு சிரிக்காதீங்க தம்பி. இந்தத் திருநெல்வேலி வண்டிகள நம்ப முடியாது. நிக்கும்னு சொல்லி ஏத்துவானுவ, ரோடு காலியா இருந்துட்டா கண்ண மூடிக்கிட்டு அழுத்திருவானுவ. நம்புனவன ஏமாத்துறதுல இப்ப ஒருத்தருக்கு ஒருத்தர் எளச்சவங்க இல்ல. வெளிய உள்ளவன் ஏமாத்துனா பரவால்ல. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே ஏமாத்துனா என்ன செய்ய?

எனக்குத் தூத்துக்குடிதான். பேரு சங்கரலிங்கம். நூல் மில்லுல ஸ்டோர்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். வல்லநாட்டுல மச்சினன் வீடு இருக்கு. என் வீட்டுக்காரி உலகம்மா, உலகுன்னுதான் கூப்பிடுவேன், மாசி மாசத்துலருந்து அங்கதான் இருக்கா. சண்ட போட்டுட்டுப் போனான்னு நெனச்சிராதீங்க. சண்ட போட்டிருந்தாதான் தேவலையே. சோத்த வடிச்சு மூடி வச்சா, துணிய எடுத்துப் பையில வச்சா, போயிட்டா. துரோகம் பண்ணதும் அவ, கோவிச்சுக்கிட்டுப் போனதும் அவ. எங்கயாவது உண்டுமா இது? நான் அவளக் கூப்பிடப் போறேன்னு நெனைக்காதீங்க. ஒன்னு கேக்க வேண்டியிருக்கு. கேட்டுட்டு வந்துருவேன்.

நீங்க என்ன வேல பாக்கீங்க தம்பி? கம்பெனியா. சரி, அப்ப ஒங்களுக்குப் புரியும். ஸ்டோர்ல மினிமம் ஸ்டாக்குன்னு ஒன்னு உண்டு, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு பேரிங் இல்லன்னா மெசின் நிக்கும், மெசின் நின்னா ஷிப்டு நிக்கும். அதனால ஒவ்வொரு சாமான்லயும் இத்தன கையிருப்பு இருந்தே ஆகணும்னு ஒரு கோடு போட்டு வச்சிருப்போம். அந்தக் கோட்டுக்குக் கீழ உள்ளதத் தொடக்கூடாது. மேனேஜரே வந்து கதவத் தட்டுனாலும் குடுக்கக்கூடாது. புது லோடு மில்லு கேட்டுக்குள்ள வந்து எறங்குனாத்தான் பழசுல கைய வைக்கணும். நான் இருந்த காலம் முழுக்க என் ஸ்டோர்ல ஒரு சாமான் இல்லன்னு சொன்னதே கெடையாது. குடுத்தேனான்னு கேக்காதீங்க. இல்லன்னு சொன்னதில்ல.

அதே மாதிரிதான் வீட்லயும் தண்ணி வச்சிருந்தேன். குடிக்கிற தண்ணி. ஆபத்துக்குன்னு.

அது ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. ஒரு ஐப்பசி மழை. நான் மில்லுல மாட்டிக்கிட்டேன், வீட்டுக்கு வர வழி இல்ல. உலகு தனியா இருந்திருக்கா. கொடத்துல இருந்த தண்ணி தீந்துட்டு. தெருக்கொழாய்ல கலங்கலா வந்திருக்கு, அதப் புடிச்சுக் குடிச்சிருக்கா. சாக்கடை கலந்த தண்ணின்னு அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாள்ல கண்ணு மஞ்சளாயிட்டு, நகம் மஞ்சளாயிட்டு. அப்ப அவ முழுகாம வேற இருந்தா. பிள்ள தங்கல. அதுக்குப் பெறகும் தங்கல. சரி, அது போட்டும், அதப் பேசி என்ன ஆகப் போகுது. பெரியாஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அன்னைக்கு நெனச்சேன், இனிமே என் வீட்ல நல்ல தண்ணி இல்லன்னு ஒரு நாளும் இருக்கக்கூடாதுன்னு. உள்ள போய் அவகிட்டயும் சொன்னேன். அவ செவரப் பாத்துப் படுத்துக் கெடந்தா. காதுல விழுந்துச்சோ என்னவோ.

தண்ணி சேத்து வைக்கதுன்னா கொடத்துல புடிச்சு மூடி வைக்கதுன்னு நெனைக்காவ. அது ரெண்டு நாள் தாங்கும், அப்புறம் கொசுப்புழு நெளியும். நான் செய்யதக் கேளுங்க. கேனு வாங்கும்போதே சாப்பாட்டுச் சாமான் வைக்கிற கேனாப் பாத்து வாங்கணும். பினாயில் இருந்தது, எண்ணெய் இருந்தது, பெயிண்டு இருந்தது எதையும் வீட்டுக்குள்ளயே விடக்கூடாது. அத எத்தன தடவ கழுவுனாலும் வாடை போகாது, விசமும் போகாது. கேனச் சோப்புப் போட்டு அலசி, பிளீச்சிங் தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சு, மறுபடி நல்ல தண்ணியில அலசணும். தண்ணியத் தெளிய வச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டி, கொதிக்க வச்சு ஆத்தணும். ஊத்தும்போது விரல் உள்ள படக்கூடாது. மூடிய இறுக்கி, தேதி ஒட்டி, தரையில படாமப் பலகை மேல வைக்கணும். வெயில் படக்கூடாது, பட்டா பாசி புடிக்கும். ஆறு மாசம் ஆனா வெளிய எடுத்து, வீடு கழுவ, துணி அலச வச்சுக்கிட்டு, புதுசு நெறைக்கணும். பழசு முன்னால, புதுசு பின்னால. இத நான் ஒரு தடவ கூடத் தப்ப விட்டதில்ல.

மாடியில ஹாலும் ஒரு சின்ன ரூமும் உண்டு. அந்தச் சின்ன ரூம்தான் தண்ணி ரூமு. பூட்டு போட்டிருப்பேன். சாவி என் அரைஞாண் கயித்துல இருக்கும். உலகு கேலி பண்ணுவா. ஊர்ல அவனவன் பீரோவுக்குப் பூட்டு போடுதான், நீங்க பச்சத் தண்ணிக்குப் பூட்டு போடுதீங்கன்னுவா. கேலி பண்ணாலும் கேன் கழுவ ஒத்தாசைக்கு வந்து நிப்பா. முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு நின்னு கழுவுவா. அதனாலதான் தம்பி எனக்கு ஆறல. கூட நின்னு கழுவுனவ. வெளி ஆளு செஞ்சிருந்தா போலீசுக்குப் போயிருப்பேன். இதுக்கு எங்க போக?

போன மார்கழியில கொட்டுச்சே, அந்த மழையச் சொல்லுதேன். பொழுது விடியும்போது தெருவுல முழங்கால் தண்ணி. காபி போட்டுக் குடிக்கதுக்குள்ள வீட்டுக்குள்ள வந்துட்டு. மேல எங்கயோ கொளம் ஒடஞ்சுட்டுன்னாவ. எங்க முடுக்குச் சந்துல மாடி இருக்கது எங்க வீடு ஒன்னுதான். அடுத்த வீட்டு ஞானதுரை, லோடு ஆட்டோ ஓட்டுதான், அவன் குடும்பத்தோட வந்தான். அவன் பொண்டாட்டி எப்சிபா, மக பிளெசி. பிளெசி பேறுகாலத்துக்கு வந்திருந்தா. பிள்ள பெத்து இன்னும் தீட்டுக்கூட முடியல, கைக்குழந்தைய ஒரு டவல்ல சுத்தித் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு அந்தத் தண்ணியில நடந்து வந்தாவ. எதுத்தாப்புல உள்ள ரெண்டு வீட்டுக்காரங்களும் வந்தாவ. எல்லாரையும் வாங்க வாங்கன்னு மேல ஏத்துனவன் நான். வீட்டுக் கதவத் தெறந்து விட்டவன் நான். இத இப்ப ஒருத்தரும் சொல்லமாட்டேங்காவ.

கீழ அடுப்படியில இருந்த கொடத்தையெல்லாம் நானும் ஞானதுரையும்தான் மேல தூக்குனோம். அன்னைக்கு முழுக்க அதத்தான் குடிச்சோம். அம்புட்டு பேருக்கு அது எத்தன நேரத்துக்கு வரும்? மறுநாள் காலையில கொடத்த அடி வரைக்கும் சாச்சு மோந்தாவ. மழையும் விட்டுட்டு. விடாம இருந்திருந்தாலாவது மொட்டமாடியில அண்டா வச்சுப் புடிச்சிருக்கலாம். நான் முதல்லயே எல்லாருக்கும் சொல்லிட்டேன், ஓவர்டேங்குல இருக்க தண்ணியக் கை கால் கழுவ வச்சுக்கிடுங்க, வாயில வைக்காதீங்க, கரண்டு போறதுக்கு முன்னால ஓடுன மோட்டாரு தரைக்கடியில உள்ள சம்புல எறங்குன வெள்ளத்தத்தான் மேல ஏத்தியிருக்குன்னு. இதெல்லாம் யாரு யோசிச்சா? நான்தான யோசிச்சேன்.

எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்கோம். இடம் கொறச்சல். தண்ணி ரூம் கதவுல சாஞ்சுதான் ரெண்டு மூணு பேரு உக்காந்திருந்தாவ. பிளெசியும் அங்கதான். எப்சிபா எங்கிட்ட வந்தா.

"அண்ணாச்சி, இந்த ரூம்ல தண்ணி வச்சிருக்கீங்கன்னு அக்கா சொல்லிருக்காவ."

"ஆமா, இருக்கு."

"அதுல கொஞ்சம் தந்தீங்கன்னா..."

"அது அவசரத்துக்கு வச்சிருக்கது எப்சிபா."

அவ என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. நான் தப்பா ஒன்னும் சொல்லல தம்பி. வெளிய இடுப்பளவு தண்ணி, சரி. யாரு வீட்டுச் சிலிண்டரோ தெருவுல மெதந்து போகுது, சரி. ஆனா இது எத்தன நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்? ஹெலிகாப்டர் சத்தம் கேக்குது, படகு வருதுன்னு சொல்லுதாவ. வந்தா நல்லது. வராம இன்னொரு மழை புடிச்சா? அன்னைக்கு எல்லாத்தையும் குடிச்சித் தீத்துட்டு நாளைக்கு நாக்கு வறண்டு கெடக்கவா? புது லோடு கண்ணுல தெரியாம மினிமம் ஸ்டாக்கத் தொடுறவன் ஸ்டோர்கீப்பரே இல்ல. அத அவகிட்ட வெளக்கமாச் சொன்னேன். மில்லு உதாரணம் காட்டிச் சொன்னேன். அவ மக பக்கத்துல போய் உக்காந்துட்டா.

மத்தியானத்துக்குக் கொழந்த அழ ஆரம்பிச்சுட்டு. சின்னக் கொழந்த அழுகை எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்லா. முதல்ல வீல்னு அழும். அப்புறம் சத்தம் கொறையும். கொறஞ்சா நின்னுட்டுன்னு நெனைப்போம், நிக்காது, தேம்பிக்கிட்டே கெடக்கும். தாய்க்காரி தண்ணி குடிச்சாத்தான பால் ஊறும்னு எப்சிபா சொன்னா. எங்கிட்டச் சொல்லல, உலகுகிட்டச் சொன்னா. என் காதுல விழணும்னு சொன்னதுதான். நான் எனக்குன்னு கூஜாவுல வச்சிருந்ததுல ஒரு தம்ளர் ஊத்தி நானே கொண்டு போய்ப் பிளெசிக்குக் குடுத்தேன். ஸ்டாக்குல உள்ளது இல்ல, என் வாய்க்கு வச்சிருந்தது. ஈவு இரக்கம் இல்லாதவன் செய்வானா இத? அந்தப் புள்ள ஒரே மடக்குல குடிச்சிட்டுத் தம்ளர நீட்டுச்சு. இன்னும் வேணும்னு நீட்டுச்சோ, திருப்பிக் குடுக்கதுக்கு நீட்டுச்சோ. நான் தம்ளர வாங்கிட்டு வந்துட்டேன்.

உலகு என்னைய மொட்டமாடிக்குக் கூப்பிட்டா. தண்ணித் தொட்டி நெழல்ல நின்னோம்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"நாளைக்கு இதவிட மோசமாச்சுன்னா என்ன செய்வ?"

"இன்னைக்கு மோசமில்லியா?"

அப்ப சொன்னேன் தம்பி, என் வாழ்க்கையில சொல்லாதத அன்னைக்குச் சொன்னேன். "ஏளா, எனக்குன்னா வச்சிருக்கேன்? ஒனக்காகத்தான வச்சிருக்கேன். மறுபடியும் ஒனக்கு அப்படி ஒன்னு வந்தா என்னால தாங்க முடியாது." அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

ஹாலுக்கு எறங்கி வந்து ஒரு ஓரமாப் படுத்தேன். முந்தின நாள்லருந்து தண்ணியிலயே நின்னு காலு மரத்துப் போயிருந்துச்சு. அவ கால்மாட்டுல வந்து உக்காந்து, நான் கேக்காமலே காலப் புடிச்சு விட்டா. எத்தனையோ வருசமாச்சு அவ எனக்குக் கால் புடிச்சு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஊரே மெதக்குது, என் பொண்டாட்டி எனக்குக் கால் புடிச்சு விடுதா, அவ எம்பக்கம் இருக்கான்னு. கண்ணு சொக்கிட்டு.

அந்தச் சாவிய என் இடுப்புலருந்து அவுத்திருக்கா தம்பி. முடிச்சு ரெண்டு போட்டிருந்தேன். பொறுமையா அவுத்திருக்கா. கால் புடிச்ச கையி.

எதுல முழிச்சேன்னா, தண்ணி ஊத்துற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும், கேன்லருந்து செம்புல விழுற சத்தம். கண்ணத் தெறந்து பாக்கேன், தண்ணி ரூம் கதவு விரியத் தெறந்து கெடக்கு. கேனெல்லாம் ஹால்ல நிக்கி. உலகு நடுவுல உக்காந்து, கல்யாண வீட்ல பந்தி வெளம்புறவ மாதிரி தம்ளர் தம்ளரா ஊத்திக் குடுக்கா. எல்லாரும் குடிக்காவ. ஒருத்தன் மொகம் கழுவுதான் தம்பி, நான் காய்ச்சி வடிகட்டி வச்ச தண்ணியில மொகம் கழுவுதான். ஞானதுரை ஒரு கேன்ல கயிறு கட்டி பின்னால உள்ள ஓட்டு வீட்டுக் கூரையில ஏறி உக்காந்திருந்தவங்களுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கான். பிளெசி செவத்துல சாஞ்சு, மடியில செம்பு, தோள்ல முந்தானையப் போட்டுப் பிள்ளைக்குப் பால் குடுக்கா. கொழந்த சத்தத்தையே காணோம்.

எனக்கு எங்க எரிஞ்சுச்சு தெரியுமா? புதுக் கேனையும் ஒடச்சிருக்கா, பழசு இருக்கும்போதே. தேதி ஒட்டியிருக்குல்லா? பழச முதல்ல எடுக்கணும்லா? அதக்கூடப் பாக்கல. கூட நின்னு கழுவுனவளுக்கு அது தெரியாதா?

"என்ன காரியம்ளா பண்ணிட்ட?"ன்னு கேட்டேன். என் சத்தத்துக்கு எல்லாரும் வேற பக்கம் திரும்பிக்கிட்டாவ. குடிக்கத மட்டும் நிறுத்தல. உலகு எந்திரிக்கக்கூட இல்ல.

"எனக்காக வச்சதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப அது என் தண்ணி. நான் குடுத்தேன்."

சொல்லிட்டு ஒரு தம்ளர் நெறைய ஊத்தி எங்கிட்ட நீட்டுதா. ஊரெல்லாம் குடுத்து மிச்சம் எனக்கு. நான் வாங்கல. நேத்து வந்தவங்க முன்னால என்னையத் திருடனாக்கிட்டு, தண்ணி வேற நீட்டுதா. கொஞ்ச நேரம் நீட்டிக்கிட்டே இருந்தா. தண்ணி சிந்துச்சு. நான் விறுவிறுன்னு மொட்டமாடிக்குப் போய், டேங்குக் கொழாயத் தெறந்து, ரெண்டு கையாலயும் ஏந்தி அந்தத் தண்ணியக் குடிச்சேன். ஆமா, நானேதான். குடிக்காதீங்கன்னு எல்லாருக்கும் சொன்ன அதே தண்ணி. அவ பாக்கணும்னு குடிச்சேன். ஓடி வந்து என் கையத் தட்டி விட்டா. மறுபடி ஏந்திக் குடிச்சேன். அவ அப்படியே தரையில உக்காந்துட்டா.

மறுநாள் காலையில படகு வந்துட்டு. பாக்கெட் தண்ணி மூட்ட மூட்டயா எறக்குனாவ. ஞானதுரை என்னையப் பாத்து, "அண்ணாச்சி, தண்ணி வந்துட்டுல்லா"ங்கான். வந்துச்சு, யாரு இல்லன்னா? வராம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்? அப்ப எல்லாரும் எங்கிட்டத்தான வந்து நின்னிருப்பாவ. நான் வெறுங்கேனக் காட்டியிருக்கணும். இத ஒருத்தர் கூட யோசிக்கல தம்பி. நல்ல வேள படகு வந்துட்டுன்னு சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போயிட்டாவ.

தை மாசம் எனக்குக் காமால வந்துட்டு. கேக்கதுக்கே ஒங்களுக்குச் சிரிப்பு வருதுல்லா? அந்த டாக்டரு கேக்காரு, வீட்ல நல்ல தண்ணி இல்லியான்னு. நான் என்ன சொல்லட்டும்? உலகு பக்கத்துல நின்னு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. சிரிச்சாளா, அழுதாளா, இப்ப வரைக்கும் தெரியாது. அந்த மாடியில எத்தன பேரு இருந்தாவ, ஒருத்தருக்கு ஒரு வயித்து வலி வரல. என் தண்ணி குடிச்சவன் எல்லாம் கல்லு மாதிரி இருக்கான். நான் படுத்துட்டேன். அவ மட்டும் சாவியத் தொடாம இருந்திருந்தா எனக்கு ஏன் வரப் போகுது?

பாத்துக்கிட்டா, இல்லங்கல. கீழாநெல்லி அரச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடுத்தா. உப்பில்லாத கஞ்சி குடுத்தா. மணிக்கொரு தரம் தம்ளர்ல தண்ணி கொண்டு வந்து தலையத் தூக்கிக் குடிக்க வச்சா. அப்ப வேற வழியில்லாம குடிச்சேன். ஆனா தெருவுல போற வார பொம்பளைங்க வாசல்ல நின்னு அவளப் பாத்து என்ன சொல்லுதாவ தெரியுமா? தண்ணி குடுத்த மகராசிங்காவ. பிளெசி பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாள்தோறும் வந்துருவா. உலகு அந்தப் பிள்ளைய மடியில போட்டுக்கிட்டா எறக்கவே மாட்டா. நான் உள்ள படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். சரி, குடுத்தது அவ. காய்ச்சுனது யாரு? வடிகட்டுனது யாரு? கேனு தூக்கி இடுப்பு ஒடஞ்சது யாருக்கு? அத ஒரு வாய் சொல்லட்டுமே.

ஒடம்பு தேறி எந்திரிச்சதும் முதல் வேலையா எல்லாக் கேனையும் கழுவி நெறச்சேன். நான் ஒருத்தனாவே செஞ்சேன், அவள ஒத்தாசைக்குக் கூப்பிடல. புதுப்பூட்டு ஒன்னு வாங்கிப் போட்டேன். சாவிய எங்க வச்சேன்னு அவளுக்குச் சொல்லல. சாயங்காலம் காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்கு வந்தவ பூட்டப் பாத்துட்டா. கையில புடிச்சுக்கிட்டு நின்னா.

"புதுசா?"

"ஆமா."

"யாருக்கு?"

"கள்ளனுக்கு."

"வீட்ல இருக்கது நாம ரெண்டு பேருதான"ன்னா.

அம்புட்டுத்தான் தம்பி. இதத் தவிர நான் ஒரு வார்த்த கூடச் சொல்லல. அடிச்சேனா, ஏசுனேனா? காலையில பாத்தா பையத் தூக்கிட்டா. வல்லநாட்டுல அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னா. வாரேன்னுதான் சொன்னா, எப்பன்னு சொல்லல. நானும் கேக்கல. போனவளா வந்தா வரட்டும்னு இருந்துட்டேன். போன் நான் பண்ணல, அவளும் பண்ணல. எப்சிபா தூக்குச்சட்டியில கொழம்பு குடுத்து விடுதா. வேண்டாம்னுதான் சொல்லுதேன், திண்ணை மேல வச்சிட்டுப் போயிருதா. வெயில் வேற இந்தப் பங்குனியிலயே இப்படி அடிக்கி.

இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னா, காம்பவுண்டு ஓரமா நின்னு கேன் அலசிக்கிட்டு இருக்கேன். செவத்துக்கு அந்தப் பக்கம் எப்சிபா மீன் கழுவிக்கிட்டே செல்போன ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுதா. நான் ஒட்டுக் கேக்கல. காதுல விழுது. பேசுறது உலகு.

"ஒங்க அண்ணாச்சி தண்ணி குடிக்காவளா எப்சிபா? டாக்டர் நெறைய குடிக்கச் சொல்லிருக்காரு. அவிய தானா எடுத்துக் குடிக்க மாட்டாவ, சேத்துத்தான் வைப்பாவ. யாராவது மோந்து கையில குடுத்தாத்தான் உள்ள போகும். கொஞ்சம் பாத்துக்க."

இத அவ தெனமும் கேக்கா போல. ஏன்னா எப்சிபா சாதாரணமாச் சொல்லுதா, "நேத்துச் சொன்னதத்தான் இன்னைக்கும் சொல்லணும் அக்கா, நான் குடுத்தா வாங்க மாட்டேங்காவ"ன்னு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கட்டுன புருசன் இங்க குத்துக்கல்லா இருக்கேன், எங்கிட்டக் கேட்டா என்ன? என் நம்பர் அவளுக்குத் தெரியாதா? நான் தண்ணி குடிக்கனா இல்லியாங்கத அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் அவ தெரிஞ்சுக்கிடணுமா? இது அதவிடப் பெரிய துரோகம் இல்லியா? நீங்களே சொல்லுங்க. கேன அப்படியே போட்டேன். கையத் தொடச்சேன், சட்டைய மாட்டுனேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். மாடி ரூமப் பூட்டுனேனான்னு இப்ப யோசிக்கேன், பூட்டல. பூட்டும் சாவியும் அங்கனயே கெடக்கு. பரவால்ல, யாரு எடுக்கப் போறா.

அதத்தான் கேக்கணும். ஏன் எங்கிட்டக் கேக்கலன்னு. கேட்டுட்டு...

இல்ல தம்பி, வேண்டாம். பாட்டில உள்ள வைங்க. பேசிப் பேசித் தொண்ட வறண்டுதான் போயிருக்கு, நீங்க பாக்கதும் சரிதான். காலையிலருந்து குடிக்கல. ஆனா வேண்டாம். கோவிச்சுக்கிடாதீங்க, ஒங்க தண்ணி சுத்தமில்லன்னு சொல்லல.

என்னன்னா, ஒரு வீட்டுக்குப் போனா முதல்ல ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து குடுப்பாவல்லா? அப்புறம்தான வாங்கன்னு சொல்லதே. மச்சினன் வீட்ல யாரு கொண்டு வாரான்னு பாக்கணும். மச்சினன் பொண்டாட்டி கொண்டு வந்தா, ஒரு மடக்குக் குடிச்சிட்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லிட்டு அடுத்த வண்டியிலயே திரும்பிருவேன். நான் கேக்க வந்ததையும் கேக்க மாட்டேன்.

அந்தா மலை தெரியுது, வல்லநாடு வந்துட்டு. கண்டக்டர், ஒரு ஆளு எறங்கணும். கொஞ்சம் கால ஒதுக்குங்க தம்பி.

உலகு கொண்டு வந்தா, அப்படியே செம்போட வாங்கிக் குடிக்கணும். அந்நேரம் தாகம் இல்லாமப் போயிரக்கூடாதுல்லா.